எழும்பூருக்கு முன் சில நிமிடங்கள்

எழும்பூரிலிருந்து தெற்கே புறப்படும் விரைவு வண்டி தாம்பரம் சேர ஏறக்குறைய அரை மணி நேரம் போதும். திரும்பி வரும்போதோ, அதே தொலைவுக்கு அட்டவணையில் கூடுதல் நேரம் குறித்திருப்பதை அன்பர்கள் கவனித்திருக்கலாம்.

சென்ற திங்கள் நம்முடன் பயணம் செய்த இளைஞர் ஒருவர் இதைச் சுட்டிக்காட்டி, “எத்தனை நிமிடம் வீணடிக்கிறார்கள், பாருங்கள் சாமி!” என்று குறைபட்டுக்கொண்டார். தொழிற்சாலை ஒன்றில் வேலைப் பட்டியல் தயாரிப்பவர் அவர். தமது பட்டியலில் ஒரு நிமிடம்கூடச் சும்மா கிடக்காது என்பதில் அவருக்குப் பெருமை.

அந்த நிமிடங்களை இரயில்வேத் துறையினர் அறிந்தேதான் வைக்கிறார்கள். பாதை வேலை நடக்குமிடத்தில் வண்டி மெல்ல ஊர்வதற்கு ஒரு பங்கு. வழியில் நேர்ந்த தாமதத்தை ஈடுசெய்ய இன்னொரு பங்கு. ஒற்றைப் பாதையில் இதன் அருமை நன்கு விளங்கும். எதிர்வண்டி வந்து சேரும்வரை நம் வண்டி நிலையத்தில் காத்திருக்க வேண்டும். ஒன்று பிந்தினால் மற்றதும் பிந்தும். அது மூன்றாவதை நிறுத்தும். இடைவெளியே இல்லாமல் வண்டிகளை ஓடவிட்டால், காலையில் இழந்த பத்து நிமிடம் மாலைவரை தீராது. தண்டவாளத்தைச் சோதிக்கவும், ஜல்லியைச் சீர்செய்யவும், தேய்ந்ததை மாற்றவும் வண்டியே ஓடாத வேளையும் வேண்டுமே! அன்று நமது வண்டி விழுப்புரத்தருகே பத்து நிமிடத்துக்கு மேல் நின்றது. ஆயினும் எழும்பூரை உரிய நேரத்தில் அடைந்தது.

“உங்கள் இயந்திரங்களுக்கு எண்ணெய் இடுவது எப்போது?” என்று கேட்டோம். “பழுதானால் பார்ப்போம்” எனச் சிரித்தார். “ஆட்களுக்குக் காய்ச்சல் வந்தால்?” என்றோம். அதற்கு விடையில்லை. ஏற்கனவே மூச்சுத் திணறும் இன்னொருவர்தானே அந்தச் சுமையையும் தாங்க வேண்டும்? (நாம் சோம்பலுக்கு வக்காலத்து வாங்குவதாக எவரும் எண்ண வேண்டாம்.)

அவரைக் கேட்க நமக்குத்தான் என்ன தகுதி? சில ஆண்டுகளுக்குமுன் ஒரு மாலையில் அடுத்தடுத்து மூன்று கூட்டங்களுக்கு ஒப்புக்கொண்டிருந்தோம். புறப்படும் வேளையில் முதியவர் ஒருவர் பங்குமனை வாசலில் வந்து நின்று, “ஐந்து நிமிடம் சாமி” என்றார். நாளைக் காலை வரச் சொல்லிவிட்டு வண்டி ஏறினோம். மறுநாள் அவர் வரவில்லை. அடுத்த வாரம் நாமே அவர் வீட்டுக்குச் சென்றோம். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காபி கொடுத்து உபசரித்தார். “அது அன்றைக்கே முடிந்துபோயிற்று சாமி” என்றார். எது என்று கடைசிவரை சொல்லவில்லை.