நேரில் கண்ட ஆசான்



எழுத்தாளர் மாநாடு என்றதும் மேடையும் மாலையும் ஒலிபெருக்கியுமே பலருக்கு நினைவில் எழும். ஆனால் மாநாட்டின் மெய்யான பயன் மேடையில் இல்லை. கூட்டம் கலைந்தபின், நூல் வழியே மட்டும் அறிந்திருந்த ஆசானை இளைஞன் ஒருவன் நேரிலே கண்டு, நாணத்தோடு இரண்டு சொல் பேசுகிறானே, அங்கேதான் அப்பயன் இருக்கிறது என்பது நம் துணிபு.

இது இன்று தோன்றிய வழக்கமன்று. திருச்சியிலிருந்து காவிரியைக் கடந்து திருவரங்கம் செல்வோர், அங்குள்ள பெருங்கோவிலில் தாயார் சந்நிதி முன்பாக ஒரு மண்டபத்தைக் காணலாம். கம்பர் தம் இராமகாதையை அங்கே அரங்கேற்றினார் என்பது வழிவழி வந்த செய்தி. அரங்கேற்றம் என்பது யாது? நூல் செய்தவர் கற்றோர் அவைமுன் நின்று, தம் பாடல்களைக் கூறிப் பொருள் விரித்து, எழுந்த ஐயங்களுக்கு விடையளித்து, அவர்தம் ஏற்பைப் பெறுவதே. ஆசிரியரும் அறிஞரும் முகம் பார்த்துப் பேசாமல் அக்காலத்தில் நூல் நிலைபெறவில்லை.

திருச்சிக்கே பெருமை தேடித்தந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை (1815–1876) எண்ணிப் பாருங்கள். அவர் இளமையில் அச்சு நூல்கள் அரியன. நம் நாட்டவர் தடையின்றி அச்சகம் நடத்த வழி பிறந்ததே 1835-இல்தான். ஆகவே, ஏடு யாரிடம் உண்டு, பொருள் யாருக்குத் தெரியும் என்று ஆள் ஆளாய்த் தேடிச் சென்றார் அவர். தண்டியலங்காரம் கற்றிருந்த ஒரு பரதேசி திருச்சித் தெருக்களில் பிச்சை எடுத்து வந்தார். அவருக்குப் பணிவிடை செய்து, பின்னாலேயே நடந்து அந்நூலைக் கற்றுக்கொண்டார் நம் மகாவித்துவான். பிச்சைப் பாத்திரம் அவர் கண்ணுக்குத் தடையாகவில்லை, கல்வியே தெரிந்தது.

தேடிப் பெற்றவர் பின்னர் வாரி வழங்கினார். சாதியும் சமயமும் பாராமல், ஊதியம் பெறாமல் கற்பித்தார். திருச்சி நீதிமன்றத்தில் பணிபுரிந்த நம் கத்தோலிக்கப் பெருமகனார் வேதநாயகம் பிள்ளை, அச்சைவப் பெரியாரின் உயிர்த்தோழரானார். அவர்மீது 'குளத்துக் கோவை' பாடினார் மகாவித்துவான். 1871-இல் மாயூரத்தில் அவரை அடைந்த சாமிநாதர், பின்னாளில் 'தமிழ்த் தாத்தா' என்று நாடே போற்றிய உ. வே. சா. ஆனார்.

1876 பெப்ருவரி முதல் நாள் திருவாவடுதுறையில் அம்மகான் உயிர் நீத்த காட்சியை உ. வே. சா. எழுதி வைத்திருக்கிறார். சாமிநாதர் திருவாசகம் ஓத, ஆசானைத் தம் மார்பிலே சாய்த்துத் தாங்கியிருந்தவர் சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவ மாணவர்! எந்த நூல் இந்த உறவைக் கற்பிக்கும்?

இவ்வுண்மையை உணர்ந்தே நம் குருவானவர் தனிநாயகம் அடிகளார், 1964-இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்றார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடியது. பல நாடுகளில் தனித்தனியே உழைத்த அறிஞர் ஓரிடத்தில் கூடி அளவளாவ அது வழி செய்தது.

பெற்றோரே, உங்கள் பிள்ளைக்கு நூல் வாங்கித் தருகிறீர்கள், நன்று. அத்துடன், கற்றோர் கூடும் இடத்துக்கும் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். உரை முடிந்ததும் பேருந்தைப் பிடிக்க விரையாமல், அந்தப் பெரியவரை வணங்கி ஒரு கேள்வி கேட்கச் செய்யுங்கள். மாநாட்டுக்குத் திருச்சிவரை செல்ல இயலாதோர் வருந்த வேண்டா. நம் பங்கிலேயே, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் திண்ணையில் தனித்து அமர்ந்திருப்பார். அவரைக் காண யாரும் செல்வதில்லை. இன்று செல்லாவிடில், நாளை அவரது அடக்கப் பூசைக்குத்தான் செல்வோம். அங்கே கேள்வி கேட்க முடியாது.

அருளப்பர் தம் சிறு திருமுகங்களில், எழுத வேண்டியவை பல இருந்தும் தாளாலும் மையாலும் எழுத விரும்பாமல், நேரில் வந்து பேசவே நம்புவதாகக் கூறுகிறார். அப்போதுதான் மகிழ்ச்சி நிறைவுறும் என்பது அவர் கருத்து. விண்ணகத் தந்தையும் நமக்கு எழுத்தை மட்டும் அனுப்பி அமையவில்லை. தம் மகனையே அனுப்பினார்.

வரும் ஞாயிறு பூசை முடிந்ததும், அந்தத் திண்ணையை நோக்கி நடப்போமா?