அட்டை இருந்தது, வார்டு உறுப்பினர் இல்லை

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று உதயமானது. அதற்கு நான்கு மாதமும் இரண்டு நாளும் கழித்து, 2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழகம் முழுவதும் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. புது மாவட்டம் தன் கோப்புகளை நெல்லையிலிருந்து பிரித்து வாங்கி அடுக்கி முடிப்பதற்குள் கொள்ளைநோய் வாசலுக்கு வந்துவிட்டது.

இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாத இன்னொன்று உண்டு. 2019 டிசம்பரில் தமிழகத்தின் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்களிலும் அவற்றின் தாய் மாவட்டங்களிலும், ஆக ஒன்பது மாவட்டங்களில், தேர்தல் நடக்கவில்லை. வார்டு மறுவரையறை முடியட்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஒன்பதில் தென்காசியும் ஒன்று. இங்கே வாக்குப்பதிவு நடந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். குற்றாலம் போன்ற பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2016 அக்டோபரிலிருந்து தனி அலுவலர்கள்தான் நிர்வாகம். அதாவது முதல் அலை, இரண்டாம் அலை இரண்டையும் இந்த மாவட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லாமல் கடந்தது.

சமுதாய சுகாதாரத்திலும் சமூகப் பணியிலும் இருக்கும் நமக்கு இது அரசியல் செய்தி மட்டும் இல்லை. நிவாரணம் யாரிடம் போய்ச் சேர்ந்தது, யாரைத் தாண்டிப் போனது என்பதன் ஒரு பாதி விடை இதில் இருக்கிறது.

முதலில் வந்து சேர்ந்ததைச் சொல்லிவிடுவோம். 2020 மார்ச்சில் அறிவித்தபடி ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்கள் அனைவருக்கும் 1,000 ரூபாயும், அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் விலையின்றிக் கிடைத்தன. மத்திய அரசின் திட்டத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ கூடுதல் தானியம் 2020 ஏப்ரலில் தொடங்கி, இடையில் சில மாதம் நின்று, 2021 மே முதல் 2022 டிசம்பர் வரை தொடர்ந்தது. 2021 மே 7 அன்று பதவியேற்ற அரசின் முதல் கையெழுத்துகளில் ஒன்று, 2.07 கோடி அட்டைகளுக்கு 4,000 ரூபாய். அது மே மாதம் 2,000, ஜூனில் 2,000 என்று இரண்டு தவணையாகவும், 14 வகை மளிகைப் பொருட்களோடும் வந்தது.

இவை வீடு தேடி வந்த விதத்தைக் களத்தில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேதியும் நேரமும் போட்ட டோக்கன் முதல் நாளே தெருவுக்கு வந்தது. கடை வாசலில் சுண்ணாம்பு வட்டங்கள். எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார், யார் அட்டையை யார் கொண்டுவருவார் என்பது கடை விற்பனையாளருக்கு மனப்பாடம். வருமானச் சான்று யாரும் கேட்கவில்லை, விண்ணப்பம் எழுதச் சொல்லவில்லை. எல்லோருக்கும் ரேஷன் என்று தமிழகம் பிடிவாதமாகக் காத்துவந்த கொள்கை அந்த ஒரு மாதத்தில் தன் மதிப்பைக் காட்டியது. ஏழை யார் என்று தேர்ந்தெடுக்க உட்கார்ந்திருந்தால் ஏப்ரல் முடிந்து மே வந்திருக்கும்.

ஆனால் அட்டை வீட்டைத்தான் பார்க்கும், பிழைப்பைப் பார்க்காது. அதன் எல்லை எங்கே முடிகிறது என்று பார்க்கக் குற்றாலத்துக்கு வர வேண்டும்.

ஜூனில் மலையாளக் கரையில் மழை பிடித்தால் இங்கே சாரல். அதைத் தொடர்ந்து சீசன். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் மூன்றையும் நம்பி லாட்ஜ் பையன்கள், எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள், மங்குஸ்தானும் ரம்புத்தானும் விற்பவர்கள், ஆட்டோ, வேன் ஓட்டுபவர்கள், ஏலத்தில் கடை பிடித்தவர்கள் என்று ஒரு பெரிய கூட்டம் பிழைக்கிறது. மூன்று மாதச் சம்பாத்தியத்தில் ஆண்டு முழுவதையும் ஓட்ட வேண்டும். கடை பிடிக்க வட்டிக்கு வாங்கிய பணத்தையும் அதிலேயே அடைக்க வேண்டும். 2020, 2021 இரண்டு ஆண்டும் சாரல் தவறாமல் வந்தது. அருவியில் குளிக்கத் தடை. சீசன் வரவில்லை.

இங்கேதான் நிவாரணத்தின் கணக்கும் இழப்பின் கணக்கும் பிரிந்தன. அரசு ஊரடங்கை மாதத்தில் எண்ணியது. 2020 செப்டம்பரில் இ-பாஸ் போய்ப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. தாள்களின்படி இயல்பு வாழ்க்கை திரும்பிக்கொண்டிருந்தது. அருவிக்கரைக்கு அப்போதும் ஊரடங்குதான். ஒரு சீசனைத் தவறவிட்டவருக்கு அடுத்த வருமானம் அடுத்த ஜூனில். அடுத்த ஜூனில் இரண்டாம் அலை.

தொழில்வழி உதவிகளும் இருந்தன. அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியங்களில் பதிந்தவர்களுக்கு 2020இல் இரண்டு முறை 1,000 ரூபாய் கிடைத்தது. பதிவைப் புதுப்பித்திருந்த ஆட்டோ ஓட்டுநர் வாங்கினார். அருவிக்கரையில் எண்ணெய் தேய்ப்பவர் எந்த வாரியத்தில் போய்ப் பதிவார்? நகர்ப்புறச் சாலையோர வியாபாரிகளுக்கு 2020 ஜூனில் 10,000 ரூபாய்க் கடன் திட்டம் வந்தது. அதற்கு அடிப்படை உள்ளாட்சி எடுத்த வியாபாரிகள் கணக்கெடுப்பு. கணக்கெடுக்க வந்த நாள் சீசன் இல்லாத நாளாக இருந்தால், மூன்று மாத வியாபாரி அதில் எப்படி இருப்பார்? வெளிமாவட்டத்திலிருந்து வந்து லாட்ஜில் தங்கி வேலை பார்த்தவரின் அட்டை ஊரில் இருந்தது. ரொக்கம் அந்த ஊர்க் கடையில். ஊருக்குப் போகப் பேருந்து இல்லை.

1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தில், இன்றும் நாம் கையில் வைத்து வேலை பார்க்கும் அந்தச் சட்டத்தில், திருவிழாக்களுக்கும் சந்தைகளுக்கும் தனி அத்தியாயமே உண்டு. கூட்டம் கூடினால் என்ன நோய் வரும் என்று யோசித்த சட்டம் அது. கூட்டம் கூடாமல் போனால் யார் பட்டினி கிடப்பார் என்ற கேள்விக்கு நம்மிடம் இன்னும் ஓர் அத்தியாயம் இல்லை.

அருவியை விட்டுச் சமவெளிக்கு இறங்கினால் பீடி. ஆலங்குளம், கடையம், கடையநல்லூர் வட்டாரங்களில் மடியில் முறத்தை வைத்து, ஊறவைத்த இலையைக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நூலால் கட்டிக்கொண்டிருக்கும் பெண்கள் இல்லாத தெரு குறைவு. கடையில் இலையும் தூளும் போட்டால்தான் வேலை. ஊரடங்கில் கடை பூட்டியது, முறம் சுவரில் சாய்ந்தது. பல வீடுகளில் அம்மா, மகள், மருமகள் மூவரும் சுற்றுவார்கள். பாஸ்புத்தகம் ஒருத்தி பெயரில் இருக்கும். வேறு வீட்டுக்காரியின் புத்தகத்தில் சுற்றிக் கொடுப்பவர்களும் உண்டு. பதிவை வைத்து வரும் எந்த உதவியும் புத்தகத்தில் இருக்கும் பெயரைத்தான் தேடி வரும். மற்ற இருவரும் தொழிலாளர்கள் என்பதற்குத் தாளில் சாட்சி இல்லை, தெருவில்தான் உண்டு.

தெருவுக்குத் தெரிந்ததை அரசுக்குச் சொல்ல வேண்டியவர் யார்? புளியரைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளத்தின் ஆரியங்காவு. அந்தப் பக்கம் 2020 மார்ச் கடைசியிலேயே உள்ளாட்சிகள் சமூக சமையலறைகளைத் திறந்தன. சமைத்தது பெரும்பாலும் அங்குள்ள மகளிர் குழு அமைப்பான குடும்பஸ்ரீயின் பெண்கள். சாப்பாடு 20 ரூபாய், வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தால் 25, வழியில்லாதவர்களுக்கு இலவசம். தனியாக இருக்கும் முதியவர் யார், படுக்கை நோயாளி எந்த வீட்டில், வெளிமாநிலத் தொழிலாளர் எங்கே தங்கியிருக்கிறார் என்று சொல்ல ஒவ்வொரு வார்டிலும் பொறுப்பான ஓர் உறுப்பினர் இருந்தார். நம் பக்கமும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருந்தன. முகக்கவசம் தைத்தன, கபசுரக் குடிநீர் காய்ச்சி ஊற்றின. கைகள் இருந்தன. அவற்றைக் கேட்டு ஏவவும், விடுபட்ட வீட்டுக்காகத் தாசில்தாரிடம் போய் நிற்கவும், மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் ஆள் தெருவில் இல்லை. 2020 அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டமும் தொற்றைக் காரணம் காட்டி ரத்தானது. கேள்வி கேட்கும் இடமும் போயிற்று.

வார்டு உறுப்பினர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. உறுப்பினர் எழுதும் பட்டியலில் அவருடைய கட்சிக்காரரும் சாதிக்காரரும் முதலில் வருவார்கள் என்ற அச்சம் நியாயமானது. ரேஷன் அட்டைக்குக் கட்சி கிடையாது, அதன் பலமே அதுதான். ஆகவே வரிசை முக்கியம். முதல் சுற்று, கேள்வியே இல்லாமல் எல்லா அட்டைக்கும். இரண்டாம் சுற்று, அட்டை தொடாதவர்களுக்கு வார்டுப் பட்டியல். அந்தப் பட்டியலை ஒருவர் மட்டும் எழுதக் கூடாது. கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், சுய உதவிக் குழுப் பிரதிநிதி, ரேஷன் கடை விற்பனையாளர், வார்டு உறுப்பினர் ஐவரும் கையெழுத்திட வேண்டும். ஐந்து பேருக்கும் தெரிந்த தெருவில் ஒருவர் மறைக்க முடிவது குறைவு.

பட்டியல் முன்கூட்டியே இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதே மாவட்டத்தில் ஓர் உதாரணம் உண்டு. ஆய்க்குடியில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், வளர்ச்சிக் குறைபாடு உள்ள சிறு குழந்தைகளுக்கு வீடு தேடிப் பயிற்சி தரும் பணியைக் கொரோனாவுக்கு முன்பே செயலி ஒன்றில் பதிந்து நடத்திவந்தது. எந்தக் குழந்தை, எந்த ஊர், என்ன பயிற்சி எந்தக் கட்டத்தில் என்பதெல்லாம் அதில் இருந்தன. வீட்டுக்குப் போக முடியாமல் போனதும் அதே பணியைத் தொலைபேசிவழிப் பயிற்சியாகத் தொடர முடிந்தது. ஊரடங்கு வந்த பிறகு பெயர் சேகரிக்க உட்கார்ந்திருந்தால் அது நடந்திருக்காது.

நம்மிடம் இப்போது அதற்கான அடித்தளம் 2020ஐ விட நன்றாகவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வீடு வீடாகப் போகிறார்கள். அதே மாதம் வந்த இ-ஷ்ரம் பதிவு, நலவாரியத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கும் கதவைத் திறந்தது. 2020 அக்டோபரில் தமிழகம் சேர்ந்த ஒரே நாடு ஒரே அட்டைத் திட்டம் லாட்ஜ் தொழிலாளியின் அரிசிச் சிக்கலை ஓரளவு தீர்த்திருக்கிறது. ரொக்கத்துக்கும் அதே வசதி வேண்டும் என்று கேட்க வேண்டியது பாக்கி. இந்தப் பதிவேடுகள் ஒவ்வொன்றும் வேறு வேறு துறையின் அலமாரியில் இருக்கின்றன. ஒன்றோடொன்று பேசுவதில்லை.

ஓர் எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொற்று வந்த வீட்டில் ஸ்டிக்கர் ஒட்டியதும் தகரம் அடைத்ததும் அந்த வீட்டார்மேல் என்ன விளைவை உண்டாக்கியது என்று நமக்குத் தெரியும். உரிய அதிகாரியின் குறிப்பான உத்தரவு இல்லாமல் அப்படி ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. பட்டினிக்கும் அதே மானம் உண்டு. கிராம சபையில் எண்ணிக்கையும் விடுபட்ட வகைகளும் வாசிக்கப்படட்டும். பெயர்கள் ஐவர் கையிலேயே இருக்கட்டும்.

தென்காசியின் ஊராட்சிகளில் 2021 அக்டோபரில் தேர்வானவர்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு முடிகிறது. 27 மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றதைப் பார்த்தோம். உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போவதை இனி நம் துறையும் பேரிடர் ஆயத்தத்தில் விழும் ஓட்டையாகக் கணக்கில் எடுத்து, மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் எழுதச் சொல்ல வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. மே 1 கிராம சபை, சாரல் பிடிப்பதற்கு ஒரு மாதம் முன்பு வருகிறது. சீசன் நின்றால், கடை பூட்டினால், எல்லை மூடினால் முதல் வாரத்திலேயே அடுப்பு அணையும் வீடுகள் உங்கள் பகுதியில் எத்தனை, அவற்றில் எத்தனைக்கு அட்டையும் வாரியமும் எட்டாது என்ற இரண்டு எண்களை அந்தக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். சட்டத்திருத்தமோ நிதி ஒதுக்கீடோ இதற்கு வேண்டியதில்லை, ஐந்து பேர் ஒரு மாலை உட்கார்ந்தால் போதும். எழுதியவர்கள் எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பெயர்களை நீக்கிவிட்டு, எண்களை இந்தப் பக்கங்களில் வெளியிட்டு மாவட்ட நிர்வாகத்தின் பார்வைக்குக் கொண்டுபோகிறோம்.