காரின் பெயரைத் தேடாதீர்கள், கோடைத் தேடுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுவார்கள், பெரியவர்கள் செய்தி படிப்பார்கள். வாசலில் நிற்கும் பழைய ஜப்பான் காருக்கும் அது உதவும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அதுவரை பலரும் இருக்கிற காரைத்தான் பார்த்துப் பார்த்து ஓட்டினார்கள். ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் போன்றவற்றை வீட்டிலேயே மாற்றலாம். அதற்கு மேனுவல் வேண்டும். காரோடு வந்த புத்தகம் இருந்தாலும் அது ஜப்பானிய மொழியில் இருக்கும்!

உடனே இன்டர்நெட்டில் "கொரோலா ரிப்பேர் மேனுவல்" என்று தேடுகிறோம். இதுதான் தவறான வழி என்பது என் கருத்து. ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு வேறு கார் விற்கப்படுகிறது. நம்மவர்கள் '121' என்று சொல்லும் கொரோலாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கோடு என்இசட்இ121, எஞ்சின் 1.5 லிட்டர் 1என்இசட்-எஃப்இ. அமெரிக்காவில் 2003 மாடல் முதல் விற்ற கொரோலாவில் இருந்ததோ 1.8 லிட்டர் 1இசட்இசட்-எஃப்இ. அந்த மேனுவலைப் பார்த்து நட்டை முறுக்கினால் நஷ்டம் நமக்குத்தான்.

அதே 1.5 லிட்டர் எஞ்சின் அமெரிக்காவில் டொயோட்டா எக்கோ என்ற காரில் இருந்தது. எனவே எஞ்சின் வேலைக்கு எக்கோவின் ஆங்கில மேனுவல் கைகொடுக்கும். வயரிங், ஃபியூஸ் பாக்ஸ், பிரேக் விஷயங்களுக்கு அதை நம்பாதீர்கள், அவை வேறு.

ஆகவே முதலில் பானெட்டைத் திறந்து உலோகத் தகட்டைப் பாருங்கள். சேசிஸ் கோடும் எஞ்சின் கோடும் அதில் இருக்கும். பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, அப்படியே ஆங்கில எழுத்தில் டைப் செய்து தேடுங்கள்.

ஓனர்ஸ் மேனுவல் வேறு, ரிப்பேர் மேனுவல் வேறு என்பதும் நினைவிருக்கட்டும். முன்னது ஓட்டுபவருக்கு, பின்னது கழற்றிப் பூட்டுபவருக்கு. ஜப்பானியப் புத்தகம் கையில் இருந்தால் மொபைலில் கூகுள் லென்ஸைத் திறந்து பக்கத்தின் மேல் பிடியுங்கள். மொழிபெயர்ப்பு சுமாராக இருந்தாலும் எண்கள் மாறாது.

"இலவச மேனுவல்" என்று அழைக்கும் தளங்களில் கவனம் தேவை. மேனுவல் பெரும்பாலும் பிடிஎஃப் ஃபைலாகத்தான் கிடைக்கும். டவுன்லோட் ஆனது .இஎக்ஸ்இ என்று முடிந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். கார் சரியாகுமோ இல்லையோ, கம்ப்யூட்டருக்கு வைரஸ் வரலாம்! டொயோட்டாவின் அமெரிக்க டெக்னிக்கல் தளத்தில் குறுகிய காலச் சந்தா உண்டு. பணம் கட்டுமுன் உங்களுக்கு வேண்டிய மாடல் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

சரியான மேனுவல் கிடைத்தாலும் பிரேக்கையும் ஏர்பேக்கையும் கராஜுக்கே விடுங்கள். அங்கேயும் மேனுவல் வீண்போகாது. எந்தப் பாகத்தை, ஏன் மாற்றச் சொல்கிறார்கள் என்று கேட்கும் தைரியத்தை அது கொடுக்கும். ஆயில் செலவு மிச்சமாவதை விட அதுவே பெரிய லாபம்.