குரூசோவின் கப்பல் எதற்காகப் புறப்பட்டது?

சிறுபிராயத்தில் ராபின்சன் குரூசோ கதையைப் படித்தவர்களுக்கு நினைவிருப்பதெல்லாம், கப்பல் உடைந்ததும், ஆளில்லாத தீவில் ஒருவன் 28 வருஷகாலம் தன் கையையும் புத்தியையும் கொண்டு பிழைத்ததுந்தான். டேனியல் டீபோ 1719-ல் வெளியிட்ட அப்புத்தகத்தை வயது வந்தபின் முழுதும் படிப்பவர்கள், அந்தக் கப்பல் எதற்காகப் புறப்பட்டது என்பதையும் சற்றுக் கவனிக்க வேண்டுகின்றோம்.

ஆப்பிரிக்காவில் கினியாக் கரையிலிருந்து கறுப்பு மக்களைக் கொண்டுவந்து, பிரேசில் தோட்டக்காரர்கள் அடிமைகளாகப் பங்கிட்டுக் கொள்வதற்காகப் புறப்பட்ட கப்பல் அது. அந்த வியாபாரத்தை மேற்பார்வை செய்யப் போனவன்தான் நமது கதாநாயகன்! கைப்பணம் போடாமலே அவனுக்கும் சரிபங்கு அடிமைகள் என்பது ஒப்பந்தம்.

"அது அந்தக் காலத்து வழக்கமல்லவா?" என்று சில கனவான்கள் சமாதானம் சொல்லுவார்கள். அடிமைத்தனம் இன்னதென்று அறியாதவனுக்கு வேண்டுமானால் அந்தச் சமாதானம் செல்லும். குரூசோவோ மொராக்கோவின் சாலே பட்டணத்தில் தானே இரண்டு வருஷம் அடிமையாய்க் கிடந்து, உயிருக்குத் துணிந்து படகில் தப்பியவன். கூட வந்து உதவிய சூரி என்னும் பையனை, தங்களைக் காப்பாற்றிய கப்பல் தலைவனுக்கே 60 வெள்ளிக்காசுக்குக் கொடுத்துவிட்டான். பையன் கிறிஸ்தவனானால் 10 வருஷத்தில் விடுதலையாம், பையனும் சம்மதித்தானாம்! நடுக்கடலில் நிற்கும் திக்கற்ற பிள்ளை வேறென்ன சொல்லுவான்? பின்னர் பிரேசிலில் தோட்டவேலைக்கு ஆள் போதாதபோதுதான், அவனை விட்டது தப்பென்று குரூசோவுக்குத் தோன்றிற்று.

தீவிலாவது புத்தி வந்ததா? நரமாமிசம் தின்பவர்களிடமிருந்து தப்புவித்த மனிதனுக்கு, அன்றையக் கிழமையை வைத்து "வெள்ளிக்கிழமை" என்று பேரிட்டான். அவனுடைய சொந்தப் பெயர் என்னவென்று கேட்டதாகக் கதையில் ஓரிடத்திலும் இல்லை. தன்னை "எஜமான்" என்று அழைக்கும்படி மாத்திரம் முதலிலேயே கற்றுக் கொடுத்துவிட்டான். பிறகு மதபோதனை நடந்தது. "கடவுள் அவ்வளவு பலசாலியானால் பிசாசை ஏன் கொல்லவில்லை?" என்று அந்த மனிதன் கேட்டான். எஜமானர் காதில் விழாதவர்போல் பாசாங்கு செய்தார்! இருவரில் பகுத்தறிவு யாருக்கு அதிகம்?

இப்புத்தகத்தைக் கொளுத்த வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கென்று சுருக்கிய பதிப்புகள் பலவற்றில் சூரியை விற்றதும், கப்பலின் நோக்கமும் கத்தரிக்கப்பட்டு, வீரம் மாத்திரம் மிஞ்சி நிற்கின்றது. அதைத்தான் கண்டிக்கின்றோம். எஜமானுடைய வீரத்தைப் படித்து, அடிமையின் விலையைப் படிக்காத பிள்ளை எஜமான் பக்கமே நின்று வளரும். ஆகவே முழுக்கதையையும் கொடுங்கள். யார் பக்கம் நிற்பதென்பதைப் பிள்ளைகளே யோசித்துத் தீர்மானிக்கட்டும்.