திருடன் வரவில்லை, சைரன் மட்டும் அலறுகிறது: வீட்டு அலாரம் ஏமாற்றுவது ஏன்?

இரவு 2 மணிக்கு ஒரு வீட்டில் சைரன் அலறினால், முதல் முறை தெருவே திரண்டு வரும். இரண்டாவது முறை பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் எட்டிப் பார்ப்பார். மூன்றாவது முறை? ‘அந்த வீட்டு அலாரம் அப்படித்தான் கத்தும்’ என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். ‘புலி வருது’ கதைதான். நிஜமாகவே திருடன் வரும் நாளில் கேட்க ஆள் இருக்காது.

ராஜபாளையம் பக்கத்தில் உள்ள தளவாய்புரம் போன்ற ஊர்களில் இதை வெறும் தூக்கக் கேடு என்று ஒதுக்க முடியாது. நைட்டி தயாரிப்புக்குப் பெயர்பெற்ற ஊர் இது. கீழே தையல் மெஷின்களும் துணி ஸ்டாக்கும், மேலே குடும்பம் என்று ஒரே கட்டடத்தில் இருக்கும்போது, அலாரம் காப்பது நகையை மட்டுமல்ல, தொழிலையும்தான். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பெற்றோருக்காக மாட்டிக் கொடுத்த அலாரமாக இருந்தால், அது அடிக்கும்போது ஓடி வரப்போவது அக்கம்பக்கத்தினர்தான். அவர்கள் நம்பிக்கை போய்விட்டால், அலாரம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

உலகம் முழுக்க இதே தலைவலி

அமெரிக்காவில் போலீசாருக்கு வரும் திருட்டு அலாரம் அழைப்புகளில் 94 முதல் 98 சதவீதம் வரை பொய்யானவை என்று அந்நாட்டு நீதித் துறை வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. சால்ட் லேக் சிட்டி நகரம் 2000-ல் ஒரு விதியே கொண்டுவந்தது: தனியார் காவலர் யாராவது நேரில் பார்த்து உறுதி செய்தால்தான் போலீஸ் போகும். பிரிட்டனில், போலீசுடன் இணைக்கப்பட்ட அலாரம் 12 மாதங்களில் மூன்று முறை பொய்யாக அடித்தால் அந்த வீட்டுக்குக் கிடைக்கும் போலீஸ் சேவையே நிறுத்தப்படலாம். நம்மூரில் அப்படி விதி இல்லை. ஆனால் அந்த முடிவைப் பக்கத்து வீட்டுக்காரர் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறார்.

அலாரம் எப்படி வேலை செய்கிறது?

வயர்டு அலாரத்தில் நடுவில் ஒரு பேனல். அதிலிருந்து ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி வயர் போகும். ஒவ்வொரு பகுதிக்கும் ‘ஜோன்’ என்று பெயர். கதவில் காந்த சென்சார், ஹாலில் ஆள் நடமாட்டத்தை உடல் வெப்பத்தால் அறியும் பிஐஆர் சென்சார். பெரும்பாலான ஜோன்களில் மின்சாரம் ஒரு வளையமாக ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வளையம் அறுந்தால் ‘யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள்’ என்று பேனல் எடுத்துக்கொள்ளும். கதவைத் திறந்தது திருடனா, வயரைக் கடித்தது எலியா என்று அதற்குத் தெரியாது. பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

எப்போது அடிக்கிறது என்று பாருங்கள்

பொய் அலாரம் காரணமில்லாமல் அடிப்பதில்லை. அது அடிக்கும் நேரமே பாதி விடையைச் சொல்லிவிடும்.

மழைக் காலத்தில் மட்டும் அடித்தால்: மரக்கதவு ஈரத்தில் ஊதியிருக்கலாம். காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி கூடி, காற்றில் கதவு லேசாக ஆடினாலே வளையம் அறுபடும். வெளிச்சுவரில் உள்ள வயர் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கியிருந்தாலும் இதே கதைதான்.

கரன்ட் போய் வரும்போது அடித்தால்: பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். பேனலுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியின் ஆயுள் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் அலறினால் அநேகமாக இதுதான்.

இடி மின்னலின்போது அடித்தால்: நீளமான வயர்கள் ஆன்டெனா மாதிரி மின் அதிர்வை இழுத்துக்கொள்ளும். அலாரம் வயரை வீட்டு மின் வயரோடு ஒரே பைப்பில் இழுத்திருந்தால் தொல்லை இன்னும் அதிகம்.

பிஐஆர் உள்ள அறையில் மட்டும் அடித்தால்: லென்ஸில் ஊரும் பூச்சி, சென்சார் மேல் ஓடும் பல்லி, உள்ளே கூடு கட்டிய சிலந்தி ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். தையல் கூடத்தில் பஞ்சுத் தூசியும் சேரும். ஃபேனை ஓட விட்டுப் போனால், தொங்கும் துணிகள் ஆடும். சூடேறிய தகரக் கூரையின் அனல் காற்றும் அறைக்குள் சுற்றும். சென்சார் குழம்பிவிடும்.

கண்டுபிடிப்பது எப்படி?

1. சத்தத்தை நிறுத்தியதும் ரீசெட் செய்துவிடாதீர்கள். முதலில் எந்த ஜோன் அடித்தது என்று பேனலில் பார்த்து, தேதி, நேரம், மழையா, மின்தடையா என்று போனில் குறித்து வையுங்கள். மூன்று பதிவு சேர்ந்தாலே காரணம் பிடிபட்டுவிடும்.

2. சென்சாரை மென்மையான துணியால் துடையுங்கள். வயர் நுழையும் ஓட்டையைச் சிலிகான் வைத்து அடையுங்கள். கதவுக் காந்தத்தை நெருக்கி மாட்டுங்கள்.

3. அப்படியும் நிற்கவில்லை என்றால் டெக்னீஷியனிடம் ஒரு எளிய சோதனை கேளுங்கள். அந்த ஜோன் வயரைப் பேனலில் இருந்து கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சரியான அளவு ரெசிஸ்டரை மாட்டிப் பார்க்க வேண்டும். அலாரம் நின்றுவிட்டால் கோளாறு வயரிலோ சென்சாரிலோ இருக்கிறது. தொடர்ந்து அடித்தால் பேனலில் இருக்கிறது. இந்தச் சோதனை நடக்கும் நாட்களில் அந்தக் கதவுக்குக் காவல் இல்லை என்பதை மறக்காதீர்கள்.

4. பேனலுக்குள் 230 வோல்ட் வருகிறது. மெயினை அணைக்காமல் நீங்களே திறக்க வேண்டாம்.

செய்யக் கூடாதது

சென்சாரின் உணர்திறனை அடிமட்டத்துக்குக் குறைப்பதும், தொல்லை தரும் ஜோனை நிரந்தரமாக ‘பைபாஸ்’ செய்வதும்தான் பலரும் எடுக்கும் குறுக்கு வழி. சத்தம் நிற்கும், பாதுகாப்பும் அதோடு நின்றுவிடும். அடிக்கடி கோளாறு காட்டும் ஜோன் பெரும்பாலும் பின்கதவாகவோ ஸ்டாக் அறையாகவோ இருக்கும். திருடனுக்கும் அதே வழிதான் வசதி.

சைரன் சில நிமிடங்களில் தானாக நிற்கும்படி பேனலில் நேரம் வைக்கலாம். பொய்யாக அடித்த மறுநாள் பக்கத்து வீட்டில் காரணத்தைச் சொல்லி, ‘சரி பண்ணியாச்சு’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனால் உள்ளூர் காவல் நிலையத்தில் தகவல் கொடுத்தால், ரோந்து போகும்போது பார்ப்பார்கள். நிஜமாகவே சந்தேகம் வந்தால் தனியாக உள்ளே நுழையாமல் 112-ஐ அழைக்க வேண்டும். ஏற்கெனவே பத்து முறை பொய்யாக அடித்த அலாரம் என்பதற்காக, பதினோராவது முறையும் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.