பொன்னாடைக்குள் மறையும் சாதனைகள்

பொன்னாடைக்கு எதிராக எழுதுபவனை, பொன்னாடை கிடைக்காத வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். முப்பது ஆண்டுகளாகச் செய்தி மேசையில் இருந்து 'கௌரவிப்பு விழா'ச் செய்திகளைத் திருத்தி வருபவன் என்ற தகுதி இதை எழுத எனக்குப் போதும்.

அச்செய்திகளின் இலட்சணத்தை வாசகர்கள் அறிவார்கள். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்று வரிசை நீளும். ஒவ்வொருவர் பெயருக்கு முன்னாலும் பட்டங்கள் தொங்கும். அவற்றுள் சில பணம் கட்டிப் பெறப்பட்டவை என்பது ஊரறிந்த இரகசியம். கடைசி வரியில், 'சாதனை படைத்த மாணவியும் கௌரவிக்கப்பட்டார்' என்றிருக்கும். என்ன சாதனை என்று ஒருமுறை தொலைபேசியில் கேட்டேன். ஏற்பாட்டாளருக்கு அவள் தாண்டிய உயரமும் தெரியவில்லை, போட்டி நடந்த மைதானமும் தெரியவில்லை. "அதை விடுங்கோ ஐயா, பிரதம விருந்தினரின்ரை பெயரிலை மட்டும் பிழை வராமல் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். அனுப்பியிருந்த படத்தில் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு ஒரு மாலை நின்றது.

விளையாட்டில் சாதனை என்பது ஓர் அளவு. அளவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது முகத்துதிதான். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 இல் டோக்கியோவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்தார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கப் பதக்கம் அது. தடித்த மெத்தைகள் பரவலாகாத காலம் அது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். 2024 இல் அவர் மறைந்தபோது என் மேசைக்கு வந்த இரங்கல் அறிக்கைகளிற் பல 'புகழ்பூத்த மைந்தன்' என்றன, 2.03 என்ற எண்ணை எழுதியவை மிகச் சிலவே.

பட்டங்களே கூடாது என்று நான் சொல்லவில்லை. வல்வெட்டித்துறை ஆனந்தனை 'ஆழிக்குமரன்' என்று தமிழர்கள் இன்றும் அழைக்கிறார்கள். 1971 இல் பாக்குநீரிணையை நீந்திச் சென்று மீண்டும் நீந்தித் திரும்பிய 51 மணித்தியாலங்கள் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன. 1984 இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முனைந்து உயிர்நீத்த துணிவும் இருக்கிறது. 2021 இல் விமானப்படை வீரர் றொஷான் அபேசுந்தர அதே கடலை 28 மணித்தியாலங்கள் சொச்சத்தில் நீந்திப் போய் வந்தார். 51 என்ற எண் எழுதி வைக்கப்பட்டிருந்ததால் அதை முறியடிக்க ஒருவர் கடலில் இறங்க முடிந்தது. 'சமூகஜோதி'யை எவரால் முறியடிக்க முடியும்?

இளையோரை ஊக்கப்படுத்தவே விழா எடுக்கிறோம் என்பார்கள். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியிலிருந்து வந்த அனித்தா ஜெகதீஸ்வரன், கோலூன்றிப் பாய்தலில் பெண்களுக்கான தேசிய சாதனையைப் பலமுறை புதுப்பித்தவர். அவர் வழியில் வரும் பிள்ளைகளுக்கு எது ஊக்கம்? கோலூன்றிப் பாய்பவரின் எடைக்கும், அவர் கோலைப் பிடிக்கும் உயரத்துக்கும் ஏற்றபடி கோல் அமையவேண்டும். பிள்ளை வளர வளர, பாயும் உயரம் கூடக் கூட, இன்னும் விறைப்பான கோல் தேவைப்படும். ஆகவே ஒரு கோலோடு அலுவல் முடியாது. விழும் இடத்தில் நல்ல மெத்தை இல்லாவிட்டால் முள்ளந்தண்டுக்கே ஆபத்து. மேடையில் போர்த்தப்படும் சால்வையை விரித்து அதில் விழ முடியுமா?

கனடாவிலும் இலண்டனிலும் இருந்து பணம் திரட்டி ஊரில் விழா எடுக்கும் பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். மண்டப வாடகை, மதிய உணவு, கேடயம், பொன்னாடை ஆகியவற்றின் செலவுக் கணக்கை அடுத்த விழாவில் மேடையிலேயே வாசியுங்கள். பிறகு அந்தப் பிள்ளையிடம் ஒலிவாங்கியைக் கொடுத்து, உன்னுடைய கோல் எத்தனை வருடப் பழையது என்று கேளுங்கள்.