மலைப்பாதையில் ஒரு பகல்: களஆய்வு குறித்துச் சில எண்ணங்கள்

இமயமலை அடிவாரத்துச் சிற்றூர்களைப் பற்றிய நம் ஆய்வேடுகளில் தொலைவு என்பது கிலோமீட்டரில் எழுதப்படுகிறது. அங்கே வாழ்வோர் அதை நேரத்தில் சொல்கிறார்கள். 'இறங்க ஒன்றரை மணி, ஏற மூன்று மணி' என்பதே வழி கேட்பவருக்குக் கிடைக்கும் விடை. ஒரே பாதை, போகும்போது ஓர் அளவு, திரும்பும்போது வேறோர் அளவு. வரைபடத்தில் இந்த வேறுபாடு தெரிவதில்லை. உத்தராகண்ட் மலைப்பகுதியில் களஆய்வு செய்யும் மாணவர் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ஒரு பகலேனும் நடந்து செல்ல வேண்டும் என்றும், அந்நடையை முறையியலின் ஒரு பகுதியாகவே பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டும் என்றும் கருதுகிறேன்.

ஊரக வளர்ச்சி ஆய்வாளர்கள் தார்ச்சாலையை ஒட்டிய ஊர்களையே மீண்டும் மீண்டும் பார்த்துவிட்டு, அதையே ஊரகம் என்று எழுதுகிறார்கள் என்பதை ராபர்ட் சேம்பர்ஸ் 1983-இல் வெளியான தம் நூலில் எடுத்துக்காட்டினார். சமவெளியைவிட மலையில் இக்குறை பன்மடங்கு பெரிது. வண்டியில் சென்று இறங்குபவர் முதலில் காண்பது தேநீர்க் கடைக்காரரையும், ஊராட்சித் தலைவரையும், ஓய்வுபெற்ற படைவீரரையுமே. பகற்பொழுதில் புல்லுக்கும் விறகுக்கும் காட்டுக்குச் சென்றுவிடும் பெண்கள் வினாநிரலுக்குள் வருவதில்லை. நடைபாதையிலோ அவர்களைச் சந்திக்காமல் செல்ல இயலாது.

அல்மோடா மாவட்டத்தில் ஒரு மலைமுகட்டு ஊரிலிருந்து எதிர்ச்சரிவு ஊருக்கு நடந்த ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன். வீடுகளை ஒட்டிய படிக்கட்டு வயல்களில் கேழ்வரகு இருந்தது. கீழே இறங்க இறங்க வயல்கள் தரிசாயின. அதற்கும் அப்பால் வயல்வரப்புகளுக்குள் சீர் பைன் கன்றுகள் நின்றன. முழங்கால் உயரக் கன்று ஒரு காலத்தைச் சொல்கிறது. ஆளுயர மரம் வேறொரு காலத்தைச் சொல்கிறது. எந்த வயல் முதலில் கைவிடப்பட்டது, எது பிறகு என்பதை அந்தச் சரிவே வரிசைப்படுத்திக் காட்டியது. தொலைவிலுள்ள வயலைப் பன்றியிடமிருந்தும் குரங்கிடமிருந்தும் காக்க ஆளில்லாமற்போனதே அதற்குக் காரணம் என்று உடன்வந்தவர் விளக்கினார்.

ஓடையருகே புற்கட்டை இறக்கிவைத்து இளைப்பாறிய பெண்ணொருவரிடம், 'தீதி, தனியாகவா வந்தீர்கள்?' என்று கேட்டேன். 'முன்பெல்லாம் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வருவோம். இப்போது சேர்ந்து வர ஊரில் யார் இருக்கிறார்கள்?' என்றார். சிறுத்தை நடமாடும் காடு அது. ஊர் வெறுமையாவதன் விலையை, வெளியேற முடியாமல் எஞ்சியிருப்பவர் உடலச்சத்தோடு செலுத்துகிறார் என்பதை நான் அங்கேதான் உணர்ந்தேன். நான் கொண்டுசென்ற வினாநிரலில் இதற்கான கேள்வியே இல்லை.

எண்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2001-க்கும் 2011-க்கும் இடையில் அல்மோடா, பௌரி கட்வால் ஆகிய இரு மாவட்டங்களின் மக்கள்தொகை குறைந்தது. 2011-க்குப் பிறகு 734 ஊர்கள் ஆளில்லாமற்போயின என்று மாநில இடம்பெயர்வு ஆணையம் 2018-இல் தெரிவித்தது. இவை இன்றியமையாத தரவுகள். ஆனால் ஓர் ஊர் ஒரே நாளில் ஆளற்றுப் போவதில்லை. முதலில் தொலைவயல், பிறகு கால்நடை, பிறகு பள்ளி, இறுதியில் வீட்டுக்கதவில் பூட்டு என அது படிப்படியாக நிகழ்கிறது. கணக்கெடுப்பு இறுதிப் படியை எண்ணுகிறது. இடைப்பட்ட படிகளை நடப்பவர் காண்கிறார்.

கொள்கை வகுப்போருக்கும் இது பொருந்தும். 2000-இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம், மலை மாநிலங்களில் 250 பேருக்கு மேற்பட்ட குடியிருப்புகளை இணைப்பதை இலக்காகக் கொண்டது. உத்தராகண்டின் எத்தனையோ சிற்றூர்கள் அந்த அளவுக்குக் கீழே உள்ளவை. சாலை இல்லாததால் மக்கள் வெளியேறுகிறார்கள். மக்கள் குறைந்ததால் சாலைக்குத் தகுதி இல்லாமற்போகிறது. இந்தச் சுழலை அட்டவணையில் ஒரு வரியாகப் படிப்பது வேறு, அதன் நடுவே மூன்று மணி நேரம் ஏறுவது வேறு.

இங்கே ஒரு மறுப்பு எழும்: நடைபாதையைப் போற்றுவது சுற்றுலாப் பயணியின் கனவல்லவா? நியாயமான கேள்வி. விரும்பி ஒரு நாள் நடப்பவரும், வேறு வழியின்றி வாழ்நாளெல்லாம் நடப்பவரும் ஒருவரல்லர். கருவுற்ற பெண்ணை டோலியில் சுமந்து இறங்க நேரும் ஊர் சாலை கேட்பதில் குறைகாண யாருக்கும் உரிமையில்லை. சாலை வரவேண்டும். ஆயினும் சாலை வெட்டும்போது சரிவில் கொட்டப்படும் மண்ணும் கல்லும் கீழுள்ள நடைபாதையையும், நவுலா எனப்படும் ஊற்றுக்கிணற்றையும் மூடிவிடக் கூடும். சாலை வந்த பின்னும் காட்டுக்கும் ஊற்றுக்கும் வயலுக்கும் செல்லும் வழி நடைபாதையே. அதை நாள்தோறும் மிதிப்பவர்கள் பெண்கள் என்பதாலேயே அதன் அழிவு எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் இழப்பாக எழுதப்படுவதில்லை.

நடையை ஆய்வுமுறையாகக் கொண்டதற்கு அங்கேயே முன்னோடி உண்டு. 1974-இல் சேகர் பாடக் உள்ளிட்ட இளைஞர்கள் அஸ்கோட்டிலிருந்து ஆராகோட் வரை, கையில் பணமின்றி, ஊரார் இட்ட உணவை உண்டு நடந்தார்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை அந்த நடை தொடர்ந்து, 2024-இல் ஆறாம் முறையாக நிகழ்ந்தது. அரை நூற்றாண்டு மாற்றத்தை அதே ஊர்களின் வழியே திரும்பத் திரும்ப நடந்து கண்ட இத்தகைய முயற்சி நம் பல்கலைக்கழகத் துறைகளில் அரிது.

நான் வேண்டுவன மூன்று. களப்பணி நிதியில் வண்டி வாடகைச் சீட்டுக்கு உள்ள இடம், உள்ளூர் வழிகாட்டியின் கூலிக்கும் தங்கவைத்த வீட்டாருக்கு அளிக்கும் தொகைக்கும் வேண்டும். பனிக்கும் மழைக்கும் இடைப்பட்ட மாதங்களில் களப்பணி அமையுமாறு கால அட்டவணை நெகிழ வேண்டும். நடையின்போது எழுதிய குறிப்புகளை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒதுக்காமல் தரவாக மதிக்க வேண்டும். பெரும்பொருட்செலவு எதுவும் இவற்றுக்குத் தேவையில்லை.

மலைப்பகுதிகளில் களப்பணி செய்த நண்பர்கள், குறிப்பாக ஆய்வு மாணவியர், இதிலுள்ள இடர்களையும் மாற்றுக்கருத்துகளையும் எழுதினால் இவ்வுரையாடல் செழுமை பெறும்.